குசினித் துப்புரவு: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கரையோர ஊர்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். காய்ந்த காற்றுள்ள ஊர்களை நினைத்து எழுதிய துப்புரவுக் குறிப்புகள் இங்கே பாதிதான் பலிக்கும். மணம், பூஞ்சணம், பூச்சி, துரு என்று எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஈரம்தான் நிற்கிறது. அதனால் கீழே "கழுவுங்கள்" என்று வரும் இடங்களில் "உலர விடுங்கள்" என்பதும் கூடவே வரும். அதைத் தவறவிட வேண்டாம்.

தினமும் குசினியைக் கழுவி ஊற்றுகிறேன். ஆனாலும் ஒரு புழுங்கல் நாற்றம் இருந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் அந்தக் கழுவலால்தான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் நடுத்தரை காய்ந்துவிடும். காஸ் சிலிண்டருக்கு அடியிலும், அலுமாரிக் கால்களைச் சுற்றியும், சுவர் மூலையிலும் தேங்கிய தண்ணீர் காயாது. உணவுத் துணுக்கு அதில் ஊறிப் புளிக்கும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் உலர்வேலை, பிறகு ஈரவேலை. மேலே தொடங்கிக் கீழே வாருங்கள். தட்டுகளைத் துடைத்து, மேசையைத் துடைத்து, அடுப்பைத் துடைத்து, கடைசியில் தரையைக் கூட்டுங்கள். கூட்டிய பிறகு பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் நாளாந்தத்துக்குப் போதும். கழுவி ஊற்றுவதைக் கிழமைக்கு ஒரு நாளோடு நிறுத்தி, அதையும் வெயில் ஏறும் காலை நேரத்தில் செய்யுங்கள். இரவில் கழுவிவிட்டுக் கதவைப் பூட்டினால் விடியும்வரை ஈரம் உள்ளேதான் நிற்கும்.

இரவில் படுக்கப் போகும்முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எச்சில் பாத்திரம் இருக்கக் கூடாது. சிங்க் கழுவி, அதன் உட்புறம் துணியால் துடைத்திருக்க வேண்டும். குப்பை வெளியே போயிருக்க வேண்டும். துடைதுணி விரித்துக் காயப் போட்டிருக்க வேண்டும். சிங்கைத் துடைப்பது பலருக்குப் புதுப் பழக்கம். ஆனால் இரவில் கரப்பான் தண்ணீர் தேடி வருவது அங்கேதான்.

கடையில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு போத்தல் விற்கிறார்களே.

அவ்வளவும் தேவையில்லை. பாத்திரம் கழுவும் சவர்க்காரம், அப்பச்சோடா, வினாகிரி, கல்லுப்பு, தேசிக்காய், பழப்புளி. விறகு எரிக்கும் வீடென்றால் சாம்பல் சும்மா கிடைக்கும். தேய்க்கத் தேங்காய்ப் பொச்சு இருக்கிறது.

எந்த அழுக்குக்கு எது என்று தெரிந்தால்தான் இவை உதவும். எண்ணெய்ப் பிசுக்கைக் காரம் கரைக்கும். சவர்க்காரம், அப்பச்சோடா, சாம்பல் மூன்றும் காரப் பக்கம். தண்ணீர்ப் படிவு, துரு, செம்பிலும் பித்தளையிலும் பிடிக்கும் களிம்பு ஆகியவற்றை அமிலம் கரைக்கும். தேசிக்காய், புளி, வினாகிரி மூன்றும் அமிலப் பக்கம். கரையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதை உப்பும் தும்பும் உரசி எடுக்கும். பழைய ஆட்கள் எண்ணெய்ச் சட்டியைச் சாம்பலாலும் செம்பைப் புளியாலும் விளக்கியது இந்தக் கணக்கில்தான். பெயர் தெரியாமலே சரியான வேலை செய்திருக்கிறார்கள்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்தால் நுரை பொங்குகிறது. இரட்டிப்பாக வேலை செய்யுமா?

இல்லை. ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்ந்ததும் ஒன்றையொன்று சமப்படுத்திவிடும். நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர்தான். நுரை பொங்கும் அந்த ஓரிரு நிமிடம் வேண்டுமானால் சிங்க் வாயில் ஒட்டிய மெல்லிய அழுக்கை அசைக்கும். மற்றபடி ஒன்றைப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தேவையென்றால் மற்றதைப் போடுங்கள்.

மீன் வெட்டினால் அன்று முழுக்க வீடு மணக்கிறது. என்ன செய்யலாம்?

வாவி மீனும் கடல் மீனும் இல்லாத கிழமை எங்களுக்கு ஏது? இதை ஒழுங்காகப் பழகிக்கொண்டால் குசினிப் பாடு பாதியாகும்.

முடிந்தால் சந்தையிலேயே வெட்டி, செதில் நீக்கி வாங்குங்கள். வீட்டில் வெட்டுவதென்றால் பின்வளவில், கிணற்றிலிருந்து தள்ளிய இடத்தில் வெட்டுங்கள். கிணற்றடியிலேயே வெட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மணல் நிலத்தில் மேலே ஊற்றும் தண்ணீர் சுலபமாகக் கீழே இறங்கிவிடும். செதிலும் இரத்தமும் கழுவிய தண்ணீர் அடுத்த நாள் குடத்துக்குள் வர வேண்டுமா? யோசியுங்கள்.

வெட்டி முடிந்ததும் பலகை, கத்தி, சட்டி எல்லாவற்றையும் முதலில் பச்சைத் தண்ணீரால் கழுவுங்கள். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால் இரத்தமும் சளியும் வெந்து பலகையின் கீறல்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீருக்குப் பிறகு சவர்க்காரம், அதற்குப் பிறகு சுடுதண்ணீர். கடைசியில் கல்லுப்பைத் தூவிப் பாதித் தேசிக்காயால் பலகையைத் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவி, வெயிலில் நிமிர்த்தி வையுங்கள். மீன் மணத்துக்குக் காரணமான அமைன்கள் கார இயல்புள்ளவை. தேசிக்காய் அமிலம் அவற்றைக் கட்டிப்போடுவதால் மணம் காற்றில் எழும்பாது. கைக்கும் இதே வைத்தியம்தான், கையில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் எரியும்.

மரக்கறிக்கும் மீனுக்கும் ஒரே பலகை வேண்டாம். இரண்டாவது பலகை வாங்க வழியில்லாவிட்டால் பலகையின் ஒரு பக்கத்தை மீனுக்கென்று வைத்து அடையாளம் போடுங்கள். அப்படியென்றாலும் சம்பலுக்கு வெங்காயத்தை முதலில் அரிந்துவிட்டு மீனைப் பிறகு வெட்டுவதுதான் நல்லது.

குடல், செவுள், இறால் கோது, நண்டு ஓடு எல்லாம் வேறு கதை. பையில் கட்டிக் குப்பைவாளியில் போட்டால் எங்கள் வெக்கைக்கு மாலைக்குள் புழு வைத்துவிடும். வளவு உள்ளவர்கள் தென்னை அடியிலோ வாழை அடியிலோ ஒரு முழ ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்து மூடுங்கள். மேலாகப் புதைத்தால் நாய் கிளறும். வளவு இல்லாதவர்கள் குப்பை வண்டி வரும் நாள்வரை ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் வைத்திருந்து அன்று காலை வெளியே எடுக்கலாம். அருவருப்பாகத் தோன்றும். ஆனால் உறைந்த கழிவு மணப்பதில்லை.

பொரித்த மணத்துக்குக் கறுவாப்பட்டையும் ஏலமும் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். அது மணத்தை மூடுமே தவிர நீக்காது. சட்டியையும் அடுப்பையும் உடனே கழுவி, இரண்டு பக்க யன்னலையும் திறந்துவிட்டால்தான் மணம் நீங்கும்.

விறகு அடுப்பில் சமைக்கிறோம். சட்டியின் அடிக்கரியைத் தேய்த்தே கை போகிறது.

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகு அடுப்புக்குத் திரும்பியவர்கள் பலர் இன்னும் அதை விடவில்லை. அடுப்பில் ஏற்றும்முன் சட்டியின் வெளிப்பக்கத்தில், அடியிலிருந்து பாதி உயரம்வரை, சாம்பலைத் தண்ணீரில் களியாகக் குழைத்து மெல்லப் பூசுங்கள். சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டாலும் சரி. கரி அந்தப் பூச்சின்மேல் படியும். ஆறிய பிறகு தண்ணீர் பட்டதும் பூச்சோடு கரியும் கழன்று வரும். ஏற்கெனவே ஏறிய பழைய கரிக்கு ஈரத் தும்பும் சாம்பலும்தான். ஈர விறகு எரித்தால் புகையும் கரியும் கூடும் என்பதால் மாரிக்கு முன்பே விறகை வெட்டி, கூரைக்கு அடியில் அடுக்கி வைப்பது சட்டிக்கும் நல்லது, நெஞ்சுக்கும் நல்லது.

காஸ் அடுப்பிலும் சட்டி கறுக்கிறதே?

தீ நீலமாக எரிகிறதா, மஞ்சளாகவா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் காஸ் முழுதாக எரியவில்லை. கஞ்சி பொங்கி வழிந்து பேர்னரின் துளைகள் அடைத்திருக்கும். அடுப்பை நிறுத்தி, சிலிண்டரையும் பூட்டி, ஆறவிட்டு, பேர்னர் மூடியைக் கழற்றுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி எடுங்கள். ஈர்க்கு வேண்டாம், உள்ளே முறிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே பூட்டுங்கள்.

பால்சோறு அடிப்பிடித்துவிட்டது. சுரண்டாமல் எடுக்க முடியுமா?

எவர்சில்வர் என்றால் அடி மூடும் அளவு தண்ணீர் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு மெல்லிய தீயில் கொதிக்க வைத்து, ஆறும்வரை விடுங்கள். மரக்கரண்டியால் தள்ளினால் ஏடாக எழும்பும்.

அலுமினியத்துக்கு அப்பச்சோடா வேண்டாம், காரம் பட்டால் அலுமினியம் கறுக்கும். அதற்குப் பிழிந்த தேசிக்காய்த் தோலோ கொஞ்சம் பழப்புளியோ போட்டுத் தண்ணீர் கொதிக்க வையுங்கள். அடிப்பிடித்ததும் இளகும், உள்ளே மங்கியிருந்த நிறமும் வெளுக்கும். ஒட்டாத தாச்சிக்கு ஊறவைப்பதும் மென்மையான துணியும் மட்டும்தான். கம்பி நாரை அதன் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

மண்சட்டியைச் சவர்க்காரத்தால் கழுவலாமா? தயிர்ச் சட்டிகளை என்ன செய்வது?

மண்சட்டிக்கு நுண்துளைகள் உண்டு. சவர்க்காரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு அடுத்த நாள் சொதியில் திருப்பித் தரும். சுடுதண்ணீரும் தும்பும் போதும். மீன் குழம்பு வைத்த சட்டியென்றால் அரிசி கழுவிய தண்ணீரை விட்டுக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். பிறகு வெயிலில் கவிழ்க்காமல் நிமிர்த்தி, உள்ளே காற்றுப் படும்படி காய விடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் எருமைத் தயிர் வரும் சட்டி நல்ல சட்டி, எறிய மனம் வராது. தயிர்க்கொழுப்பு துளைகளுக்குள் இறங்கியிருப்பதால் அதைச் சமைக்க எடுக்க வேண்டாம். நன்றாகக் காய வைத்து உள்ளி, வெங்காயம் போட்டு வைக்கலாம். மண்சட்டி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளி முளைப்பது குறையும். அடியில் துளை போட்டால் கறிவேப்பிலைக் கன்றுக்கும் ஆகும்.

அம்மி, திருவலை?

அம்மியை அரைத்த உடனே தேங்காய்ப் பூக் கொஞ்சம் வைத்து இழுத்துக் கழுவுங்கள், மிளகாய்க் காரம் போய்விடும். திருவலைப் பல்லைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசி வையுங்கள். கடற்காற்றில் துருப்பிடிக்க ஓர் இரவு போதும்.

கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. தண்ணீர் கெட்டதா?

அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. கிணற்று நீரில் கரைந்திருக்கும் கனிமம் கொதிக்கும்போது பிரிந்து ஒட்டுகிறது. உடம்புக்குக் கேடில்லை. ஆனால் கேத்தல் சூடாகக் கூடுதல் நேரம் எடுக்கும், மின்சாரக் கட்டணமும் கூடும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் ஊற்றிக் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். அல்லது இரண்டு மூன்று தேசிக்காயைப் பிழிந்து, தோலையும் போட்டுக் கொதிக்க வையுங்கள். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்து ஊற்றுங்கள். பைப்பின் வாயில் படிந்த வெள்ளைக்கு வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டி இரவு முழுக்க விடலாம்.

மாரி தொடங்கினால் தட்டு, அகப்பை, மிளகாய்த்தூள் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. தடுக்க வழி உண்டா?

வடகீழ்ப் பருவக்காற்றில்தான் எங்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி மழை. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வெயிலே காணாத நாட்கள் வரும். பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் எப்போதும் உண்டு. அவற்றுக்கு வேண்டியது ஈரமும் சாப்பாடும்தான். வித்தைத் தடுக்க முடியாது, ஈரத்தைத் தடுக்கலாம்.

ஐப்பசி பிறக்கும் முன் வெயில் இருக்கும்போதே ஒரு நாள் ஒதுக்குங்கள். அலுமாரித் தட்டுகளை வெளியே எடுத்துக் கழுவிக் காய வையுங்கள். மரக்கரண்டி, சிரட்டை அகப்பை, திருவலைப் பலகை, சுளகு எல்லாம் வெயில் காணட்டும். மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் மாரிக்கு என்று மொத்தமாக இடித்து வைக்காமல் மிளகாயை முழுதாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து இடியுங்கள். தூளுக்கு ஈரம் ஏறும் வேகம் முழு மிளகாய்க்கு ஏறாது. போத்தலுக்குள் ஈரக்கரண்டி விடும் பழக்கத்தை வீட்டில் எல்லோருமே நிறுத்த வேண்டும். சட்டி ஆவியின்மேல் பிடித்து மிளகாய்த்தூளைக் கொட்டுவதும் அப்படித்தான். ஆவி நேரே போத்தலுக்குள் போகிறது.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மாரியில் கல்வீட்டுச் சுவரில் ஈரம் ஊறும், காற்றுப் போக வழி இல்லாவிட்டால் அலுமாரியின் முதுகு கறுத்துவிடும். தட்டின் மூலையில் ஒரு துணிப் பையில் அடுப்புக்கரி வையுங்கள், கொஞ்சம் ஈரத்தையும் மணத்தையும் இழுக்கும். வெயில் வந்த நாளில் அந்தக் கரியைக் காய வைத்துத் திரும்ப வைக்கலாம். உப்புப் போத்தலில் ஒரு பிடி வறுத்த அரிசி போட்டால் உப்புக் கட்டி பிடிக்காது.

ஏற்கெனவே பிடித்துவிட்டதா? தட்டையும் பலகையையும் வினாகிரியால் துடைத்துக் காய வைக்கலாம். காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டாதீர்கள், வித்து வீடெங்கும் பரவும். மிளகாய்த்தூளிலோ கச்சானிலோ பூஞ்சணம் கண்டால் மேலே எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்க வேண்டாம். அவற்றில் வளரும் சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு ஈரலுக்குக் கேடு, வறுத்தாலும் முற்றாக அழியாது. காசு போனாலும் கொட்டிவிடுங்கள்.

வெள்ளம் குசினிக்குள் வந்து வடிந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் கடைசியிலும் இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ வீடுகள் இந்தக் கேள்வியோடு நின்றன. இனியும் வரும். அவசரப்பட வேண்டாம்.

முதலில் மின்சாரம். பிரதான ஆளி நிறுத்தியிருக்க வேண்டும். நனைந்த சொருகிகளையும் குளிர்சாதனப் பெட்டியையும் மின்தொழிலாளி பார்க்கும்வரை போட வேண்டாம். காஸ் சிலிண்டர் மிதந்து உருண்டிருந்தால் ரெகுலேட்டரும் குழாயும் பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது. நனைந்த அடுக்குகளுக்குள் பாம்பு ஒதுங்கியிருக்கும், வெறுங்கையை விடாமல் தடியால் தட்டிப் பாருங்கள்.

வெள்ளத் தண்ணீரில் மலசலக்குழித் தண்ணீரும் கலந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது தொட்ட அரிசி, மா, சீனி, மரக்கறி, திருகு மூடிப் போத்தலில் இருந்தவை எல்லாம் கழிவு. நசுங்காத, வீங்காத தகரப்பேணியை மட்டும் லேபிளைக் கிழித்து, கழுவி, கிருமி நீக்கி எடுக்கலாம். வெடித்த பிளாஸ்டிக் பெட்டி, மரப்பலகை, மரக்கரண்டி ஆகியவற்றையும் எறிந்துவிடுங்கள்.

சேறு காய்வதற்குள் வழித்துத் தள்ளுங்கள், காய்ந்தால் வேலை கூடும். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். பாத்திரங்களைக் கழுவிய பிறகு கிருமி நீக்க, நான்கு லீற்றர் சுத்தமான தண்ணீரில் மணம் சேர்க்காத சாதாரண பிளீச் ஒரு மேசைக்கரண்டி கலந்து அதில் அமிழ்த்தி எடுத்து, துடைக்காமல் காற்றில் காய விடுங்கள். சேறு இருக்கும்போது பிளீச் ஊற்றிப் பயனில்லை, அது சேற்றோடு சண்டை பிடித்தே தீர்ந்துவிடும். பிளீச் இல்லாவிட்டால் எவர்சில்வர் பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டெடுங்கள்.

கிணறு மூழ்கியிருந்தால் அந்தத் தண்ணீரால் பாத்திரமும் கழுவக் கூடாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவதற்கு அளவு இருக்கிறது, அவர்கள் காட்டும் முறையில் செய்யுங்கள். சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது முழுக்க இறைத்தால் வளையம் இடியலாம், அழுக்குத் தண்ணீரும் ஊறி வரும். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் கொதித்தாறிய நீர்தான்.

பிளீச்சோடு எதைக் கலக்கலாம்?

தண்ணீரைத் தவிர எதையும் கலக்காதீர்கள். வினாகிரி, தேசிக்காய், கழிவறை கழுவும் அமிலம் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள யன்னல் கழுவும் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமைன் வரும். இரண்டும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். சிறு குசினியில், யன்னல் பூட்டியிருந்தால், உயிருக்கே ஆபத்து. கண் எரிந்து இருமல் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிளீச்சைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கமும் வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டெங்குக்கும் குசினிக்கும் என்ன தொடர்பு?

குளிர்சாதனப் பெட்டியின் பின்னால், கீழே ஒரு தட்டு இருக்கும். உறைபனி உருகிய தண்ணீர் அதில் சேரும். அதைப் பார்த்த ஞாபகமே பலருக்கு இருக்காது. டெங்கு நுளம்பு இப்படி வீட்டுக்குள் நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். எங்கள் வெப்பத்தில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள்வரை போதும். ஆகவே கிழமைக்கு ஒரு நாள், நாளைக் குறித்து வைத்து, அந்தத் தட்டை ஊற்றி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஊற்றினால் மட்டும் போதாது, முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டி உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எறும்புக்காக அலுமாரிக் கால்களுக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணங்களும் இதில் சேரும். அவற்றில் கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ கரைத்துவிடுங்கள். வெளியே எறிந்த சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பதும் குசினி வேலைதான்.

எறும்பும் கரப்பானும் போக எளிய வழி?

எறும்புக்கு, அது வரும் பாதையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். மணத்தடம் அழிந்தால் பின்னால் வருவது வழி தவறும். பிறகு சுவரில் அது நுழையும் ஓட்டையைப் பார்த்து அடையுங்கள். மஞ்சள் தூள் கோடு போடுவது சில நாள் தடுக்கும், அவ்வளவுதான்.

கரப்பானுக்கு வாசனை இலைகளை நம்ப வேண்டாம். கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளைக் குசினியில் சேர்க்காதீர்கள், முட்டைக்கூடு அதில்தான் வீட்டுக்குள் வரும். போரிக் பவுடரையும் சீனியையும் சம அளவில் கலந்து, பேணி மூடியில் வைத்து, அலுமாரிக்குப் பின்னாலும் அடுப்புக்கு அடியிலும் தள்ளலாம். மெல்ல வேலை செய்யும், ஆனால் செய்யும். தவழும் பிள்ளையோ பூனையோ உள்ள வீட்டில் இதை வைக்கக் கூடாது.

அரிசியில் வண்டு. வேப்பிலை போட்டும் போகவில்லை.

வண்டு அரிசிமணிக்குள் துளையிட்டு அங்கே முட்டை வைக்கிறது. நீங்கள் மூட்டையை அவிழ்க்கும்போதே உள்ளே இருக்கிறது. வேப்பிலையும் செத்தல் மிளகாயும் புதிதாக வருவதைக் கொஞ்சம் தடுக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது.

அம்பாறைப் பக்கம் பெரும்போகம் முடிந்ததும் ஆண்டுக்குத் தேவையான நெல்லை வீட்டில் ஏற்றி வைப்பார்கள். அவர்கள் செய்வதுதான் சரி: நெல்லாக வைத்து, தேவைக்கு மட்டும் குத்திக்கொள்வது. உமி இருக்கும்வரை வண்டுக்கு உள்ளே போவது கடினம். அரிசியாக வாங்குபவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். வண்டு வந்த அரிசியைப் பாயில் மெல்லியதாகப் பரப்பி நல்ல வெயிலில் விட்டால் வளர்ந்தவை ஓடிவிடும். புடைத்து, ஆறிய பிறகு காற்றுப் புகாத வாளியில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். கொஞ்ச அரிசி, பருப்பு, ரவை என்றால் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தெடுங்கள், முட்டையும் சாகும்.

பிளாஸ்டிக் பெட்டியில் மஞ்சள் கறை போகவே மாட்டேன் என்கிறது.

சவர்க்காரத்தால் எண்ணெயைப் போக்கிவிட்டு ஈரத்தோடு நடுவெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமினை வெயில் உடைத்துவிடும். இரண்டு மூன்று நாளில் வெளுக்கும். மேசை விரிப்புக்கும் இதே வழி. சவர்க்காரம் பட்டதும் கறை சிவந்தால் பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்.

சிங்க் அடிக்கடி அடைக்கிறது.

நாங்கள் தேங்காய்ப்பாலிலும் தேங்காயெண்ணெயிலும் வாழும் ஆட்கள். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். மாரி இரவில் மண்ணுக்குள் கிடக்கும் குழாய் குளிர்ந்தால் அது சுவரில் பிடித்து, மேலே சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப் பூவும் ஒட்டும். நோன்புக் காலத்தில் தினமும் பொரிக்கும் வீடுகளிலும் இது கூடுதலாக நடக்கும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவும்முன் பழைய பேப்பரால் துடைத்தெடுங்கள். மிஞ்சிய எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். கிழமைக்கு ஒரு தடவை சவர்க்காரம் கரைத்த சூடான தண்ணீரை விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பீவீசீ குழாயின் பொருத்து இளகும்.

ஸ்பொன்ச்சை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

மணக்கத் தொடங்கினால் அன்றே. நாளாந்தம் பிழிந்து, தண்ணீர் வடியும் இடத்தில் நிமிர்த்தி வைத்தால் நாள் தாங்கும். எனக்குத் தேங்காய்த் தும்புதான் மேல் என்று தோன்றுகிறது. சீக்கிரம் காயும், தேய்ந்ததும் அடுப்பிலோ மண்ணிலோ போடலாம், காசும் இல்லை. துடைதுணிகளை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கொதிக்க வைத்து வெயிலில் போடுங்கள்.

சடங்குக்கு முன் பித்தளைச் சாமான்களை எப்படி விளக்குவது?

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வரும்போது குத்துவிளக்கும் செம்பும் எல்லா வீட்டிலும் வெளியே வரும். ஊறவைத்த பழப்புளியில் கல்லுப்புப் போட்டுப் பூசி, கொஞ்ச நேரம் விட்டுத் தும்பால் தேய்த்து, தண்ணீரில் நன்றாக அலசுங்கள். புளி மிஞ்சினால் திரும்பக் களிம்பு பிடிக்கும். கடைசியில் நல்ல சாம்பலால் ஒரு தடவை தேய்த்துக் கழுவினால் அமிலம் போய் மினுக்கம் நிற்கும். உடனே துணியால் துடையுங்கள். தண்ணீர்த் துளி காய்ந்த இடம் புள்ளியாகத் தெரியும். விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புளிக்கு முன் சவர்க்காரத்தால் அதைப் போக்கிவிடுங்கள், பிசுக்கின்மேல் புளி பிடிக்காது.

இதையெல்லாம் நான் ஒருத்திதான் செய்கிறேன். வீட்டில் வேறு யாரும் குசினிக்குள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குப் போகும் வழக்கம் உண்டு. தாயின் குசினி மகளின் குசினியாகிறது. அதோடு வேலையும் முழுதாக மகளின் தலையில் விழுந்துவிடுகிறது. அது நியாயம் இல்லை. சாப்பிடுகிற எல்லோருக்கும் உரிய வேலை இது.

"உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையை நிரந்தரமாகக் கொடுங்கள். சாப்பிட்ட கோப்பையை அவரவரே கழுவி வைப்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் முடியும். இரவில் குப்பை வெளியே வைப்பது மகனுக்கு. சிங்க் துடைத்து, காஸ் பூட்டுவது கணவருக்கு. ஞாயிற்றுக்கிழமை குளிர்சாதனப் பெட்டித் தட்டு ஊற்றுவது பெரிய பிள்ளைக்கு. கொடுத்த வேலையை அவர்கள் கோணலாகச் செய்தாலும் நீங்கள் பின்னால் போய்த் திரும்பச் செய்யாதீர்கள். திரும்பச் செய்தால் வேலை மறுபடி உங்களிடமே வந்துவிடும். முதல் மாதம் கோப்பையில் கொஞ்சம் பிசுக்கு இருக்கும், சரி, பொறுத்துக்கொள்ளுங்கள்.